கோடிப் பதிவுகளைத் தரவுத்தளத்தில் ஏற்றுதல்: திறன் சோதனைக்கு ஓர் எளிய அறிமுகம்

திருப்பூரில் ஒரு பனியன் துணி முழுமை பெறுவதற்குள் பல கைகள் மாறிவிடுகிறது. மில்லிலிருந்து வரும் நூல் நிட்டிங் யூனிட்டில் துணியாகி, டையிங்குக்குப் போய்ச் சாயம் ஏறி, காம்பாக்டிங் முடித்து, கட்டிங்குக்கும் தையலுக்கும் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு டெலிவரி சலான் எழுதப்படுகிறது. எங்கள் ஊரில் அதை டி.சி. என்றே சொல்வார்கள். எந்த லாட், எத்தனை ரோல், எத்தனை கிலோ, யாரிடமிருந்து யாருக்கு என்ற விவரங்கள் அதில் இருக்கும். இந்த டி.சி.களைப் பதிந்து வைக்கும் மென்பொருள் ஒன்றை நான் பராமரித்து வருகிறேன். பல யூனிட்டுகளின் கணக்கும் அதில் ஒரே தரவுத்தளத்தில் சேர்கிறது.

நிட்டிங் யூனிட் நடத்தும் ஒருவர் ஒருநாள் என்னை அழைத்து, “ஏனுங்க தம்பி, போன வருசம் பட்டனைத் தட்டுனதும் கணக்கு வந்துச்சு. இப்ப டீ குடிச்சுப்போட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்குதுங்களே” என்றார். அந்த ஓராண்டில் நாங்கள் அந்தப் பக்கத்தின் நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. மாறியது தரவின் அளவு மட்டுமே. மென்பொருளை எழுதியபோது முந்நூறு டி.சி.களை உள்ளிட்டுச் சோதித்து, வேகமாக இருக்கிறது என்று திருப்தி அடைந்திருந்தோம். அவர் அழைத்த வேளையில் அட்டவணையில் பல இலட்சம் பதிவுகள் சேர்ந்திருந்தன.

முந்நூறு பதிவுகளில் தெரியாத குறை இலட்சங்களில் தெரிவது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், பெரிய தரவுக் கோப்புகளை ஏற்றிச் சோதிப்பது எதற்காக என்பதும் புரிந்துவிடும். தொடர்புறு தரவுத்தளம் என்பது, 1970-இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்ட கருத்தின் வழியில், தகவலை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைத்திருக்கும் அமைப்பு. யூனிட்டுகளுக்கு ஓர் அட்டவணை, லாட்டுகளுக்கு ஓர் அட்டவணை, டி.சி.களுக்கு ஓர் அட்டவணை என்று நம் கண்ணுக்கு அது தெரிந்தாலும், வட்டில் அது பக்கம் பக்கமாகவே எழுதப்படுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு பக்கம் 8 கிலோபைட்; மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி எஞ்சினில் இயல்பாக 16 கிலோபைட். ஒரு பதிவில் ஒரு புலத்தைப் பார்க்க வேண்டும் என்றாலும் அது இருக்கும் பக்கம் முழுவதும் நினைவகத்துக்கு வந்தாக வேண்டும்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டி.சி. பதிவின் தகவல் 100 பைட் என்று கொள்வோம். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் தன் உள் தேவைக்காக 23 பைட் சேர்க்கிறது; பக்கத்தில் அந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ள மேலும் 4 பைட். ஆக ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 60 பதிவுகள் அடங்கும். முந்நூறு டி.சி.கள் என்றால் வெறும் ஐந்து பக்கங்கள். அந்த ஐந்தையும் முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாலும் மனிதக் கண்ணுக்கு நேரம் ஆனதாகவே தெரியாது. இன்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் போல எந்த மதிப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் அமைப்பு, இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, விடை உடனே வந்துவிடும். ஒரு கோடி டி.சி.கள் என்றால் 1,67,000 பக்கங்கள், அதாவது 1.3 ஜிபிக்கு மேல். இன்டெக்ஸ் இல்லாத வினவல், அதாவது தரவுத்தளத்திடம் நாம் கேட்கும் கேள்வி, ஒவ்வொரு முறையும் இத்தனை பக்கங்களையும் புரட்ட வேண்டும். எங்கள் மென்பொருளில் நடந்தது அதுவே.

எத்தனை பதிவுகள், எப்படிப்பட்ட பதிவுகள்

சோதனைக்கு எவ்வளவு தரவு வேண்டும் என்பதைத் தொழிலின் கணக்கிலிருந்தே எடுக்க வேண்டும். ஐந்நூறு யூனிட்டுகள், நாளுக்குச் சராசரியாக இருபது டி.சி., ஆண்டுக்கு முந்நூறு வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 30 இலட்சம் பதிவுகள். மூன்றாண்டுகளில் 90 இலட்சம். எனவே ஒரு கோடி என்பது நியாயமான இலக்கு. அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தரவு முழுவதும் நினைவகத்துக்குள் அடங்கிவிட்டால், வட்டிலிருந்து படிக்கும் நேரம் சோதனையில் வெளிப்படவே வெளிப்படாது. உண்மையான சர்வரில் தரவு நினைவகத்தை விடப் பெரிதாக வளரும் என்றால், சோதனையிலும் அந்த விகிதம் இருக்க வேண்டும்.

தரவை எங்கிருந்து பெறுவது என்பது அடுத்த கேள்வி. உண்மையான தரவுத்தளத்தின் நகலை எடுத்துக்கொள்வது எளிது; ஆனால் அதில் பிறருடைய ஜிஎஸ்டி எண்ணும் கைபேசி எண்ணும் வங்கி விவரமும் இருக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் நம் நாட்டில் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பிக் கணக்கை ஒப்படைத்தவரின் விவரங்களைச் சோதனைக் கணினியில் திறந்து போடுவது முறையன்று. பெயரையும் எண்களையும் மறைத்த பிறகே நகலைத் தொட வேண்டும். பொதுவான அளவுகோல் தரவுகளும் கிடைக்கின்றன. போஸ்ட்கிரெஸ்ஸோடு வரும் பிஜிபெஞ்ச் என்ற கருவி, அளவு 1 என்று கொடுத்தால் கணக்கு அட்டவணையில் ஒரு இலட்சம் பதிவுகளை உருவாக்கும். 100 என்று கொடுத்தால் ஒரு கோடி. டிபிசி-எச் என்ற அளவுகோலில் அளவு 1 என்பது ஏறத்தாழ 1 ஜிபி தரவு. அதன் மிகப் பெரிய அட்டவணையில் சுமார் 60 இலட்சம் பதிவுகள் இருக்கும். இவை ஒரு சர்வரை இன்னொரு சர்வரோடு ஒப்பிட உதவும். நம் மென்பொருளின் வினவல்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிய, நம் அட்டவணையின் வடிவத்திலேயே நாமே தரவை உருவாக்குவதுதான் சரி என்பது என் அனுபவம்.

அப்படி உருவாக்கும்போதுதான் தொடக்கநிலையினர் பெரும்பாலோர் தவறுகிறார்கள், நானும் தவறியிருக்கிறேன். ஐந்நூறு யூனிட்டுகளில் ஒன்றை ரேண்டமாகத் தேர்ந்து டி.சி. உருவாக்கினால், ஒரு கோடியும் சமமாகப் பிரிந்து ஆளுக்கு ஏறத்தாழ 20,000 விழும். உண்மையில் எந்தத் தொழிலில் கணக்கு அப்படிச் சமமாக இருக்கிறது? பெரிய ஏற்றுமதிக்காரர் ஒருவரின் டி.சி.கள் இலட்சக்கணக்கில் இருக்கும். அதே தெருவில் நான்கு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவருக்குச் சில ஆயிரமே இருக்கும். தரவுத்தளத்தின் பிளானர், அதாவது வினவலுக்கு எந்த வழியில் விடை தேடுவது என்று முடிவு செய்யும் பகுதி, இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்தே முடிவெடுக்கிறது. சிறியவரின் கணக்கைக் கேட்டால் இன்டெக்ஸ் வழியாகச் சில பக்கங்களை மட்டும் தொட்டு விடை தரும். பெரியவரின் கணக்கைக் கேட்டால், இன்டெக்ஸை விட்டுவிட்டு அட்டவணையையே முழுதாகப் படிப்பது மலிவு என்று தீர்மானிக்கக்கூடும். எல்லோருக்கும் 20,000 என்று வைத்துச் சோதித்தவர் இந்த இரண்டு முகங்களில் எதையும் பார்க்க மாட்டார். புகார் வருவதோ பெரும்பாலும் பெரியவரிடமிருந்து.

ஏற்றத்தாழ்வை உருவாக்குவது கடினமில்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் ஜெனரேட் சீரீஸ் என்ற செயல்கூறு ஒன்று முதல் ஒரு கோடி வரை எண்களை வரிசையாகத் தரும். ரேண்டம் செயல்கூறு பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணைத் தரும். அந்த ரேண்டம் எண்ணை நேராக 500-ஆல் பெருக்கி யூனிட் எண்ணாகக் கொண்டால் சமமான பங்கீடு கிடைக்கும். மாறாக, அதன் மும்மடியைக் கண்டு, பிறகு 500-ஆல் பெருக்கிப் பின்னத்தை நீக்கிவிட்டால், முதல் யூனிட்டுக்கு ஏறத்தாழ 12.6 இலட்சம் டி.சி.களும் கடைசி யூனிட்டுக்கு ஏறத்தாழ 6,700 டி.சி.களும் விழும். ஒரே ஒரு மும்மடியில் தரவு ஊர்க்கணக்கைப் போல மாறிவிடுகிறது. தொடங்குமுன் செட்சீட் என்ற செயல்கூறுக்கு ஒரு நிலையான எண்ணைக் கொடுத்துவிட்டால், அதே பதிப்பில் அதே கட்டளையை மறுபடி இயக்கும்போது அதே தரவு மீண்டும் கிடைக்கும்.

தேதி விஷயத்தில் இதைவிட நுட்பமான ஒரு பொறி இருக்கிறது. உண்மை வாழ்வில் டி.சி.கள் தேதி வரிசையில் எழுதப்படுகின்றன. ஆகவே மார்ச் மாத டி.சி.கள் வட்டிலும் அடுத்தடுத்த பக்கங்களிலேயே இருக்கும். மூன்றாண்டுகளில் ஒரு கோடி என்றால் ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 2.8 இலட்சம் பதிவுகள்; பக்கத்துக்கு 60 வீதம் அவை சுமார் 4,600 பக்கங்களில் அடங்கும். ஆனால் சோதனைத் தரவில் தேதியை ரேண்டமாகப் போட்டுவிட்டால், அதே 2.8 இலட்சம் பதிவுகள் அட்டவணை முழுவதும் சிதறிவிடும். ஒரு பக்கத்தில் உள்ள 60 பதிவுகளில் ஒன்றாவது மார்ச் மாதத்தைச் சேர்ந்ததாக இருக்கும் வாய்ப்பு 80 விழுக்காட்டுக்கு மேல். ஆகவே 1,67,000 பக்கங்களில் ஏறத்தாழ 1,35,000 பக்கங்களைத் தொட்டாக வேண்டும். தரவு அதேதான், கேள்வியும் அதேதான், வேலை மட்டும் இருபத்தொன்பது மடங்கு. இப்படிச் சோதித்துவிட்டு, தேதி இன்டெக்ஸ் பயனற்றது என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தேதியை வரிசையாக ஏறும்படி உருவாக்கினால் இந்தப் பொய்த் தோற்றம் வராது.

கோப்பில் ஒளிந்திருப்பவை

பெரிய தரவு பெரும்பாலும் சி.எஸ்.வி. கோப்பாகவே கைக்கு வரும். ஒரு வரிக்கு ஒரு பதிவு, புலங்களுக்கு இடையே காற்புள்ளி என்பதே அதன் இலக்கணம். முகவரிப் புலத்தில் “12, அவிநாசி ரோடு” என்று இருந்தால் அங்குள்ள காற்புள்ளி புதிய புலம் தொடங்குவதாகத் தோன்றும். அதைத் தவிர்க்க அந்தப் புலத்தை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். 2005-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4180 என்ற ஆவணம் இந்த நடைமுறையை எழுதி வைத்திருக்கிறது. ஆனால் எல்லாக் கருவிகளும் அதைப் பின்பற்றுவதில்லை.

இந்தக் கோப்பை எக்செல்லில் திறந்து சேமிக்காதீர்கள் என்று புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 வரிகளுக்கு மேல் நிற்காது, மீதியை விட்டுவிடும். டி.சி. எண் 000457 என்பதை 457 ஆக்கிவிடும். தேதியைக் கணினியின் அமைப்புக்கேற்ப நாளும் மாதமும் மாற்றிப் படித்துவிடும். 04/03 என்பது மார்ச் நான்கா ஏப்ரல் மூன்றா என்பது அதன்பின் யாருக்கும் தெரியாது. கோப்பில் தேதியை 2025-03-04 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் வைத்துக்கொண்டால் எந்தத் தரவுத்தளமும் தடுமாறாது.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பாடம் உண்டு. “கோயம்புத்தூர்” என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்ப்போம். நம் கண்ணுக்கு அது கோ, ய, ம், பு, த், தூ, ர் என்று ஏழு எழுத்துகள். யூனிகோடுக்கோ மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள். எனவே 13 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ஆக 39 பைட். ஊர்ப் பெயருக்குப் பத்து எழுத்து போதும் என்று அட்டவணையில் புலத்தின் நீளத்தை 10 என்று வைத்தவர், கோயம்புத்தூர் வரும் வரியில் பிழையைச் சந்திப்பார். போஸ்ட்கிரெஸ்ஸும் மைஎஸ்க்யூஎல்லும் இந்த நீளத்தைக் குறியீடுகளில் எண்ணுகின்றன. ஆரக்கிள் என்ற தரவுத்தளமோ இயல்பாக பைட்டுகளில் எண்ணும். இதோடு ‘கோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தரவுத்தளத்துக்கோ அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் என்.எஃப்.சி. என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பிறகு தொல்லை இருக்காது.

ஏற்றுதல்

ஒரு கோடி பதிவுகளையும் ஒவ்வொன்றாக இன்செர்ட் கட்டளையால் ஏற்றலாமே என்று தோன்றுவது இயல்பு. ஒவ்வொரு இன்செர்ட்டும் தனிப் பரிவர்த்தனையாக, அதாவது முழுதாக முடியும் அல்லது முழுதாக இரத்தாகும் ஒரு வேலையாக, இருந்தால், அது முடியும் ஒவ்வொரு தடவையும் தரவுத்தளம் தன் பதிவேட்டை வட்டில் உறுதியாக எழுதிவிட்டதா என்று காத்திருந்து பார்த்த பிறகே “முடிந்தது” என்று சொல்லும். வண்டி கேட்டைத் தாண்டும் முன் வாட்ச்மேன் ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்குவதைப் போன்றது இது; நடுவில் கரண்ட் போனாலும், அந்த ரிஜிஸ்டரைப் பார்த்துக் கணக்கை நேர்செய்துவிடலாம். ஆனால் ஒரு லாரி நூல் பையை இறக்கும்போது ஒவ்வொரு பைக்கும் தனி டி.சி. போட்டுத் தனிக் கையெழுத்து வாங்கினால் பொழுது சாய்ந்தாலும் லாரி நகராது.

நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் பழைய வகை வன்தட்டு நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. ஒரு கையெழுத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தால் நொடிக்கு 120 பதிவுகள். ஒரு கோடிக்கு 83,333 நொடிகள், அதாவது 23 மணி நேரத்துக்கு மேல். எஸ்எஸ்டி இதைவிடப் பல மடங்கு வேகமானது. ஆனாலும் நிரலிலிருந்து சர்வருக்குப் போய்வர ஒரு மில்லிநொடி ஆனால், போய்வரும் நேரத்துக்கே இரண்டே முக்கால் மணி நேரம் செலவாகிவிடும். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் கேள்வி-பதில் பக்கத்தில், அது நொடிக்கு 50,000 இன்செர்ட்டுகளைச் செய்ய வல்லது என்றும், பரிவர்த்தனைகளையோ நொடிக்குச் சில டஜன்களே முடிக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். பதிவை எழுதுவதில் இல்லாத செலவு கையெழுத்தில் இருக்கிறது என்பது இதிலிருந்து தெளிவாகும். பல்லாயிரம் இன்செர்ட்டுகளை ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்து, ஒரு கட்டளையிலேயே நூற்றுக்கணக்கான பதிவுகளைக் கொடுத்தால் இதில் பெரும்பகுதி மிச்சமாகும்.

அதற்கும் மேலான வழி, தரவுத்தளமே இதற்கென்று வைத்திருக்கும் மொத்த ஏற்றக் கட்டளை. போஸ்ட்கிரெஸ்ஸில் அது காப்பி. மைஎஸ்க்யூஎல்லில் லோட் டேட்டா இன்ஃபைல். இவை கோப்பை ஒரே ஓட்டத்தில் படித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு பதிவுக்கும் கட்டளையை இலக்கணப்படி பிரித்துப் பார்க்கும் வேலையும் போய்வரும் வேலையும் இல்லை. தொடக்கத்தில் பலரைக் குழப்பும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸின் காப்பி கட்டளையில் கொடுக்கும் கோப்பு சர்வர் இயங்கும் கணினியில் இருக்க வேண்டும். கோப்பு நம் மடிக்கணினியில் இருந்தால், பிஎஸ்க்யூஎல் என்ற கட்டளைவரிக் கருவியில் பின்சாய்கோட்டோடு தொடங்கும் காப்பியைப் பயன்படுத்த வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் கட்டளையோடு லோக்கல் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். பாதுகாப்புக்காக அந்த வசதி 8.0 பதிப்பில் இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கும், திறந்துவிட வேண்டும். லோக்கல் என்று கொடுக்கும்போது, பொருந்தாத தரவு பிழையாகாமல் வெறும் எச்சரிக்கையாகிவிடும்; நீளம் மீறிய ஊர்ப் பெயர் வெட்டுப்பட்டே உள்ளே போய்விடும். ஏற்றி முடித்ததும் எச்சரிக்கைகளைப் பார்க்காமல் நகரக் கூடாது.

போஸ்ட்கிரெஸ்ஸின் வழி நேர் எதிரானது. காப்பி ஒரே பரிவர்த்தனையாக நடப்பதால், 90 இலட்சமாவது வரியில் ஒரு தேதி தவறாக இருந்தாலும் முன்னே ஏறிய அத்தனையும் இரத்தாகும். அது மட்டுமன்றி, ஏறி இரத்தான பதிவுகள் பிடித்த இடம் வேக்கம் என்ற துப்புரவு நடக்கும்வரை வட்டிலேயே வீணாகக் கிடக்கும். 2024-இல் வந்த 17-ஆம் பதிப்பில், வகை மாற்ற முடியாத வரிகளை விட்டுவிட்டு மேலே போகும்படி சொல்லும் வசதி வந்திருக்கிறது. நான் கோப்பைப் பத்து இலட்சம் வரிகள் கொண்ட துண்டுகளாக வெட்டி ஏற்றுவதையே விரும்புகிறேன்; ஒரு துண்டு தவறினால் அந்தத் துண்டை மட்டும் திருத்தினால் போதும், எந்த வரி என்று தேடுவதும் எளிது.

கட்டளையைத் தேர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மறுபாதி இன்டெக்ஸில் இருக்கிறது. இன்டெக்ஸ் என்பது பெரும்பாலும் பி-ட்ரீ என்ற அடுக்கடுக்கான அமைப்பு. காலியான அட்டவணையில் நான்கு இன்டெக்ஸ்களை முன்பே உருவாக்கி வைத்துவிட்டு ஏற்றத் தொடங்கினால், ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு மரங்களிலும் சரியான இடத்தைத் தேடிச் செருக வேண்டும். இன்டெக்ஸ் நினைவகத்தை விடப் பெரிதானதும், ஒவ்வொரு செருகலுக்கும் வட்டில் எங்கோ ஒரு பக்கத்தைத் தேடி எடுக்க வேண்டிவரும். ஏற்றம் வேகமாகத் தொடங்கிப் போகப் போக ஊர்வதற்கு இதுவே பொதுவான காரணம். வெறும் அட்டவணையில் தரவை ஏற்றிவிட்டு, பிறகு இன்டெக்ஸை உருவாக்கினால், தரவுத்தளம் எல்லா மதிப்புகளையும் ஒருமுறை வரிசைப்படுத்தி மரத்தை அடியிலிருந்து கட்டிவிடும். அப்போது மெயின்டனன்ஸ் ஒர்க் மெம் என்ற அமைப்பை அதன் இயல்பான 64 எம்பியிலிருந்து உயர்த்தி வைத்தால் வரிசைப்படுத்துவது விரைவாகும். இன்னோடிபியில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே அட்டவணையே முதன்மைத் திறவுகோலின், அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் புலத்தின், வரிசையில் அமைந்த ஒரு மரம் என்பதால் அதை மட்டும் பின்னால் கட்டுவது உதவாது. கோப்பை அந்தத் திறவுகோலின் வரிசையில் அடுக்கிவிட்டு ஏற்ற வேண்டும்.

அந்நியத் திறவுகோல் கட்டுப்பாடுகளையும், அதாவது டி.சி.யில் உள்ள யூனிட் எண் யூனிட் அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும் என்பது போன்ற விதிகளையும், ஏற்றிய பிறகு சேர்ப்பதே விரைவு. மைஎஸ்க்யூஎல்லில் இந்தச் சரிபார்ப்பைத் தற்காலிகமாக நிறுத்தும் வசதி இருக்கிறது; ஆனால் அதை மறுபடி இயக்கும்போது, இடையில் ஏறிய பதிவுகளை அது திரும்பிப் பார்ப்பதில்லை. இல்லாத யூனிட்டுக்கு எழுதப்பட்ட டி.சி. அப்படியே நிலைத்துவிடும். போஸ்ட்கிரெஸ்ஸில் கட்டுப்பாட்டைப் பின்னர் சேர்த்தால், இயல்பாக, இருக்கும் பதிவுகள் எல்லாம் சரிபார்க்கப்படும்.

சர்வரின் அமைப்புகளில் நான் தொடுவது சிலவற்றையே. போஸ்ட்கிரெஸ்ஸின் பதிவேடு வளரக்கூடிய அளவான மேக்ஸ் வால் சைஸ் இயல்பாக 1 ஜிபி. பெரிய ஏற்றத்தின்போது அதை உயர்த்தினால், நினைவகத்தில் மாறிய பக்கங்களை அடிக்கடி வட்டில் இறக்கும் செக்பாயின்ட் வேலை குறையும். அன்லாக்டு என்ற வகை அட்டவணைக்குப் பதிவேடே எழுதப்படாது. ஏற்றம் மிக விரைவு. சர்வர் திடீரென்று நின்றுபோனால் அந்த அட்டவணை காலியாகிவிடும் என்பதை ஏற்றுக்கொண்டே அதைப் பயன்படுத்த வேண்டும். எஃப்சிங்க் என்ற அமைப்பை நிறுத்துவது பற்றியும் சிலர் சொல்வார்கள். அது தரவுத்தளம் முழுவதையும் சிதைத்துவிட வல்லது. தூக்கி எறியும் சோதனைக் கணினியைத் தவிர வேறெங்கும் அதைத் தொடக் கூடாது.

ஏறிய பிறகு, அளப்பதற்கு முன்

ஏற்றம் முடிந்ததும் பதிவுகளின் எண்ணிக்கையையும் மொத்தக் கிலோவையும் கோப்போடு ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்து கிலோ மட்டும் வேறுபட்டால், புலம் இடம் மாறியிருக்கிறது அல்லது தசமப்புள்ளி பறிபோயிருக்கிறது என்று அறியலாம்.

அடுத்ததாக அனலைஸ் கட்டளையை இயக்க வேண்டும். ஒருமுறை நான் ஒரு கோடி பதிவுகளை ஏற்றிய கையோடு அளக்கத் தொடங்கி, சிறிய யூனிட்டின் கணக்குக்கும் பெரிய யூனிட்டின் கணக்குக்கும் பிளானர் ஒரே வழியையே தேர்ந்ததைக் கண்டு, வினவலைத் திருத்தித் திருத்தி ஒரு பிற்பகலையே போக்கினேன். குறை வினவலில் இல்லை. அனலைஸ் அட்டவணையிலிருந்து மாதிரி எடுத்து, எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்ற குறிப்பைப் பிளானருக்கு எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்பு இல்லாதபோது, போஸ்ட்கிரெஸ் ஒரு புலத்தில் 200 வேறுபட்ட மதிப்புகள் இருப்பதாக இயல்பாகக் கொள்ளும். ஆகவே எந்த யூனிட்டைக் கேட்டாலும் ஒரு கோடியில் இருநூற்றில் ஒரு பங்கு, அதாவது 50,000 பதிவுகள் வரும் என்றே ஊகிக்கும். 12.6 இலட்சம் வைத்திருப்பவருக்கும் 6,700 வைத்திருப்பவருக்கும் ஒரே ஊகம். சற்றுப் பொறுத்திருந்தால் ஆட்டோவேக்கம் என்ற பின்னணி வேலை தானாகவே அனலைஸ் செய்திருக்கும், நான் பொறுக்கவில்லை. இப்போது ஏற்றும் கட்டளைக் கோப்பின் கடைசியிலேயே வேக்கம் அனலைஸ் என்று எழுதி வைத்துவிடுகிறேன்.

அளக்கும்போது முதல் ஓட்டத்தையும் பின்வரும் ஓட்டங்களையும் பிரித்துக் குறிக்க வேண்டும். முதல் தடவை பக்கங்கள் வட்டிலிருந்து வரும். மறுதடவை அவை நினைவகத்திலேயே இருக்கும். நேரத்தை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது; எக்ஸ்ப்ளைன் கட்டளையை அனலைஸ், பஃபர்ஸ் என்ற விருப்பங்களோடு இயக்கினால் எத்தனை பக்கங்கள் நினைவகத்தில் கிடைத்தன, எத்தனை வெளியிலிருந்து படிக்கப்பட்டன என்று அது எண்ணிக்கையோடு சொல்லும். நான் நேரத்தை விடப் பக்க எண்ணிக்கையையே அதிகம் நம்புகிறேன். கணினி மாறினால் நேரம் மாறும், பக்க எண்ணிக்கை பெரிதாக மாறாது.

ஒரே அளவில் சோதிப்பதை விட, ஒரு இலட்சம், பத்து இலட்சம், ஒரு கோடி என்று மூன்று அளவுகளில் ஏற்றி, ஒரே வினவலை மூன்றிலும் இயக்கிப் பார்ப்பது பயன் மிக்கது. முழு அட்டவணையையும் படிக்கும் வினவல் ஒவ்வொரு படியிலும் பத்து மடங்கு வேலை செய்யும். முழு எண்ணின் மீதான பி-ட்ரீ இன்டெக்ஸோ, ஒரு கோடி பதிவுகளுக்கும் மூன்றே அடுக்குகளில் நின்றுவிடும். மூன்று இன்டெக்ஸ் பக்கங்களையும் அட்டவணையின் ஒரு பக்கத்தையும் தொட்டு ஒரு பதிவை எடுத்துவிடலாம். எந்த வினவல் எந்த வகை என்பது மூன்று எண்களை அருகருகே எழுதிய உடனே தெரிந்துவிடும்.

அந்த யூனிட் உரிமையாளர் தட்டிய பட்டன் எங்கள் சோதனையில் முதல் வகையாகவே தெரிந்தது. அது கேட்டதெல்லாம் ஒரு யூனிட்டின் நடப்பு மாத நிலுவைக் கிலோ. அதற்காக 1,67,000 பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தது. யூனிட் எண்ணையும் தேதியையும் சேர்த்து ஓர் இன்டெக்ஸ் உருவாக்கியதும், பக்க எண்ணிக்கை மூன்று அளவுகளிலும் அந்த யூனிட்டின் ஒரு மாதப் பதிவுகளின் அளவுக்கே இறங்கியது. சமமாகப் பங்கிட்ட தரவில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், 12.6 இலட்சம் டி.சி. வைத்திருக்கும் முதல் யூனிட்டுக்கும் இதே சோதனையைச் செய்தோம். அங்கும் தேதி கூட இருந்ததால் இன்டெக்ஸ் வழியையே பிளானர் தேர்ந்தது.

ஏற்றி, இன்டெக்ஸ் கட்டி, அனலைஸ் முடித்த அந்தத் தரவுத்தளத்தை நாங்கள் அப்படியே வைத்திருக்கிறோம். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு தரவுத்தளத்தை டெம்ப்ளேட்டாகக் காட்டி அதன் நகலாக இன்னொன்றை ஒரே கட்டளையில் உருவாக்கலாம். அந்நேரம் மூலத்தோடு வேறு எந்த இணைப்பும் இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. பதிவுகளைச் சேர்த்தும் அழித்தும் பார்க்கும் சோதனை ஒவ்வொன்றும் தரவை மாற்றிவிடும் என்பதால், அடுத்த சோதனைக்கு முன் அந்த நகலை நீக்கிவிட்டுப் புதிய நகல் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். புதிய பக்கம் ஒன்றை மென்பொருளில் சேர்க்கும் முன், அதன் வினவல்களை இந்த ஒரு கோடி டி.சி.களில் ஓட்டி, பக்க எண்ணிக்கையைக் குறித்துக்கொண்ட பிறகே வாடிக்கையாளருக்கு அனுப்புகிறோம்.